ஸ்டெப்னி என்றொரு துணை அதிபர்: அமெரிக்கப் பாத்திரங்களுக்கு நகைச்சுவைப் பெயர் சூட்டப் பழகுவோருக்கு

எழுதத் தொடங்கிய புதிதில் நியூயார்க் கோடீசுவரர் ஒருவரை நகைச்சுவைக் கதைக்குள் கொண்டுவந்தேன். பெயர், மிஸ்டர் டாலர்சன். கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர் இரண்டாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டார். "பணக்காரன், கஞ்சன், கடைசியில் ஏமாறப்போகிறவன். பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மிச்சத்தை எதற்குப் படிப்பது?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் அந்தக் கோபம் இரண்டு நாள் நீடித்தது.

அதன் பிறகுதான், அமெரிக்கர்களைக் கேலி செய்த எழுத்தாளர்கள் பெயர்களை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். இது ஒரு தனிக் கைவேலை. ஆங்கிலேயர்கள் செய்திருக்கிறார்கள், ஜப்பானியர்கள் தெரியாமலே செய்திருக்கிறார்கள், எல்லோரையும்விட அமெரிக்கர்களே தங்களைத் தாங்களே அதிகம் கேலி செய்திருக்கிறார்கள். தமிழில் கதையோ நாடகமோ சிரிப்புக் கட்டுரையோ எழுதுபவர் எந்த வரிசையில் யோசித்தால் கைக்கு ஒரு நல்ல பெயர் கிடைக்கும் என்பதை இங்கே சொல்கிறேன். போகிற வழியிலேயே ஒருவருக்குப் பெயரும் சூட்டிவிடுவோம். ஓஹியோ மாநிலத்தில் 1878இல் பிறந்தவர். 1920களில் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிடுகிறவர். நல்லவர், ஆனால் யாரும் அவரைத் தேடுவதில்லை.

முதல் படி: உண்மையான பெயர்களைப் படியுங்கள்

கற்பனையை அவிழ்த்துவிடுவதற்கு முன் அமெரிக்க வரலாற்றில் கொஞ்சம் உலவிவிட்டு வாருங்கள். நீங்கள் வைக்கப்போகும் பெயர் எவ்வளவு தூரம் போகலாம் என்ற அளவு அங்கேதான் கிடைக்கும்.

நியூயார்க்கில் பிரிசர்வ்டு ஃபிஷ் என்று ஒரு கப்பல் வணிகர் இருந்தார், 1766 முதல் 1846 வரை. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கருவாடு. ஆனால் வைத்தவர்கள் நினைத்தது பாவத்திலிருந்து காக்கப்பட்டவன் என்பதை. குடும்பப் பெயர் ஃபிஷ் என்று அமைந்தது பிள்ளையின் விதி. அவருடைய தந்தைக்கும் அதே பெயர்தான் என்பது கூடுதல் செய்தி. டெக்சாஸ் ஆளுநர் ஜிம் ஹாக் 1882இல் பிறந்த தம் மகளுக்கு ஐமா என்று பெயர் வைத்தார். இரண்டையும் சேர்த்து வேகமாகச் சொன்னால் 'நான் ஒரு பன்றி' என்று ஆங்கிலத்தில் ஒலிக்கும். அந்த அம்மையார் அந்தப் பெயரோடு தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, ஹூஸ்டன் நகருக்கு இசையும் கலையும் சேர்த்துவிட்டுப் போனார். பேஸ்பால் விளையாட்டின் முதல் ஆணையர் கெனிசா மவுண்டன் லேண்டிஸ். 1864இல் ஜார்ஜியாவின் அந்த மலையில் நடந்த உள்நாட்டுப் போர்ச் சண்டையில் காயம்பட்ட தந்தை, இரண்டு ஆண்டு கழித்துப் பிறந்த மகனுக்கு மலையையே பெயராக்கிவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது தென் கரோலினாக்காரர் ஒருவருடையது. 1831இல் பிறந்தவர், பிற்பாடு அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்தரப்புப் படையில் தளபதி. மாநில உரிமைக் கொள்கையில் ஊறிய தந்தை, குழந்தைக்கு வைத்த பெயர் ஸ்டேட்ஸ் ரைட்ஸ் ஜிஸ்ட். நம் ஊரில் ஒருவர் தம் பிள்ளையை 'மாநில சுயாட்சி' என்று பள்ளியில் சேர்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலை ஒருமுறை படித்தவர் டாலர்சன் என்று எழுதமாட்டார். உண்மையான பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அப்பாவின் பக்தியோ வெறியோ போரோ இருக்கிறது. டாலர்சனுக்குப் பின்னால் நான் மட்டும்தான் இருந்தேன்.

இரண்டாம் படி: பிறந்த ஆண்டையும் பெற்றோரையும் முடிவு செய்யுங்கள்

அமெரிக்க முதற்பெயர் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். பதினேழாம் நூற்றாண்டு மாசசூசெட்ஸில் பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறித்தவப் பிரிவின் பாதிரியார் ஒருவரின் பெயர் இன்க்ரீஸ் மேதர். 'பெருகுக' என்று பொருள். அவர் மகன் காட்டன் மேதர். அது தாய்வழித் தாத்தாவின் குடும்பப் பெயர், பருத்திக்கும் அதற்கும் உறவில்லை. அடுத்த நூற்றாண்டுகளில் பழைய ஏற்பாட்டுப் பெயர்கள் எங்கும் நிறைந்திருந்தன. வாஷிங்டன் அதிபரான பிறகு வாஷிங்டன்கள், ஜெஃபர்சனுக்குப் பிறகு ஜெஃபர்சன்கள்.

விவிலியப் பெயரில் தமிழ் எழுத்தாளருக்கு ஒரு குழி இருக்கிறது. எசேக்கியேல், ஒபதியா, செப்பனியா என்று தமிழ் வேதாகம வடிவில் எழுதினால் வாசகர் கண்முன் நெப்ராஸ்கா விவசாயி வரமாட்டார்; பாளையங்கோட்டைத் தலைமையாசிரியர்தான் வந்து நிற்பார். இஸீக்கியல், ஓபடாயா, ஸெஃபனாயா என்று அமெரிக்க உச்சரிப்பை எழுதுங்கள். தீரு நாட்டு அரசன் ஈராம் அமெரிக்காவில் ஹைரம். வேதாகமம் படித்த வாசகர் இரண்டும் ஒன்றே என்று பின்னால் கண்டுபிடித்தால் அது அவருக்குத் தனி மகிழ்ச்சி.

நம் வேட்பாளர் பிறந்த 1878இல் அதிபராக இருந்தவர் ரூதர்ஃபோர்டு பி. ஹேஸ். அவரும் ஓஹியோக்காரர். உள்ளூர்க்காரர் வெள்ளை மாளிகையில் இருக்கும்போது பிறந்த பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ரூதர்ஃபோர்டு. நான்கைந்து தலைமுறை கண்ணியத்தை ஒரே சொல்லில் சுமக்கிற பெயர். சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரம் தொங்குவது காதில் விழுகிறது அல்லவா?

மூன்றாம் படி: நடு எழுத்து

இதுதான் அமெரிக்கப் பெயரின் முதுகெலும்பு. நாம் தவறு செய்கிற இடமும் இதுதான். நம் இன்ஷியல் முன்னால் நிற்கும், அப்பாவைக் குறிக்கும். அமெரிக்கருடையது நடுவில் நிற்கும், அவருடைய சொந்த இரண்டாம் பெயரைக் குறிக்கும். சில சமயம் எதையுமே குறிக்காது. அதிபர் ஹாரி எஸ். ட்ரூமனின் 'எஸ்' எந்தப் பெயரின் சுருக்கமும் இல்லை. இரண்டு தாத்தாக்களில் ஒருவர் ஷிப் என்ற நடுப்பெயர் கொண்டவர், மற்றவர் சாலமன். இருவரும் தம் எழுத்து என்று மகிழ்ந்துகொள்ளலாம். யுலிசிஸ் எஸ். கிராண்ட் கதை இன்னும் வேடிக்கை. பிறந்தபோது அவர் ஹைரம் யுலிசிஸ் கிராண்ட். 1839இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்குப் பரிந்துரைத்த காங்கிரஸ் உறுப்பினர் பெயரை யுலிசிஸ் எஸ். கிராண்ட் என்று தப்பாக எழுதிவிட்டார். அலுவலகத்தில் பதிந்தது பதிந்ததுதான். அந்தத் தப்போடுதான் அவர் போரை வென்றார், இருமுறை அதிபரானார்.

நகைச்சுவையில் அந்த எழுத்தின் வேலை ஒரு தாமதம். முதற்பெயர் கம்பீரமாக ஏறுகிறது, எழுத்து ஒரு நொடி நிறுத்துகிறது, குடும்பப் பெயர் காலை வாரிவிடுகிறது. 1930களின் படங்களில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் கிரவுச்சோ மார்க்ஸ் ஏற்ற பாத்திரங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ரூஃபஸ் டி. ஃபயர்ஃபிளை, ஓட்டிஸ் பி. டிரிஃப்ட்வுட், ஹியூகோ இஸட். ஹேக்கன்புஷ். முதலாமவர் ஒரு நாட்டின் தலைவர். குடும்பப் பெயரோ மின்மினி. இரண்டாமவர் கரையொதுங்கிய கட்டை. 'டி.'யை எடுத்துவிட்டு ரூஃபஸ் ஃபயர்ஃபிளை என்று சொன்னால் பாதி சிரிப்பு போய்விடுகிறது. எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது இதுதான்: பொருளே இல்லாத ஓரெழுத்து.

முதல் பெயரை எழுத்தாகச் சுருக்கி நடுப்பெயரை முன்னால் நிறுத்துவது இன்னொரு வகை. அது பணக்காரருடைய பாணி, வங்கியாளர் ஜே. பியர்பான்ட் மார்கனை நினைத்துக்கொள்ளுங்கள். கிரவுச்சோவே ஒரு படத்தில் ஜே. சீவர் லூப்ஹோல் என்ற வழக்கறிஞராக வருகிறார். வழக்கறிஞருக்குச் சட்டத்தின் ஓட்டையே குடும்பப் பெயர். ஸ்பைடர்மேன் கதைகளில் கத்திக்கொண்டே இருக்கும் பத்திரிகை ஆசிரியர் ஜே. ஜோனா ஜேம்சனும் இந்தச் சாதிதான். அதோடு ஜகரத்தில் மூன்று மோனை வேறு.

நம்மவர் கோடீசுவரர் இல்லை. ஆகவே பழைய வகையே போதும்: ரூதர்ஃபோர்டு ஜி. 'ஜி' எதைக் குறிக்கிறது என்பதைக் கதை முழுவதும் சொல்லாதீர்கள். யாராவது கேட்டாலும் அவர் சொல்லக் கூடாது.

நான்காம் படி: மலைக்குப் பக்கத்தில் எலி

சார்லஸ் டிக்கன்ஸ் 1842இல் அமெரிக்கா போனார். தம் நூல்களைக் காசு கொடுக்காமல் அச்சிட்டு விற்றதும், அடிமைமுறையும் அவரைக் கசக்க வைத்தன. திரும்பி வந்து அடுத்த ஆண்டு தொடங்கிய தொடர் நாவலில் கதாநாயகனை அமெரிக்காவுக்கு அனுப்பி, பெயர்களாலேயே பழி தீர்த்துக்கொண்டார். ஜெஃபர்சன் பிரிக், லாஃபயட் கெட்டில், ஹானிபல் சோலப். சூத்திரம் தெரிகிறதா? சுதந்திரப் பிரகடனம் எழுதியவரும் செங்கல்லும். புரட்சிக்கு உதவ வந்த பிரெஞ்சுத் தளபதியும் கெண்டியும். பெற்றோர் மகனுக்கு ஆசைப்பட்ட உயரமும், குடும்பம் உண்மையில் நிற்கும் தரையும் ஒரே பெயருக்குள் முட்டிக்கொள்கின்றன. இந்த வேலையில் இதைவிட உறுதியான கருவி எனக்குத் தெரியாது.

ஆஸ்கர் ஒயில்டு இதில் வேறு வழி போனார். அவரும் 1882இல் அமெரிக்காவெங்கும் சொற்பொழிவாற்றித் திரிந்தவர். 1887இல் எழுதிய பேய்க்கதையில் இங்கிலாந்து மாளிகையை விலைக்கு வாங்கும் அமெரிக்கர் ஹைரம் பி. ஓட்டிஸ், மூத்த மகன் வாஷிங்டன். பெற்றோர் தேசபக்தி மிகுந்த ஒரு கணத்தில் வைத்த அந்தப் பெயருக்காக மகன் வருந்துவதை நிறுத்தவே இல்லை என்று எழுதுகிறார் ஒயில்டு. இரட்டைப் பையன்கள் இருவருக்கும் சேர்த்து நட்சத்திரங்களும் பட்டைகளும் என்று கொடியின் பெயர். (ஓட்டிஸ் என்றதும் தமிழ் வாசகருக்கு லிஃப்ட்தான் ஞாபகம் வரும். அதுவும் ஓர் அமெரிக்கக் குடும்பப் பெயர்தான்.)

டிக்கன்ஸிடம் இன்னொன்றும் திருடலாம்: பட்டம். அவருடைய அமெரிக்காவில் திரும்பிய பக்கமெல்லாம் கர்னல்கள், மேஜர்கள், ஜெனரல்கள். பத்திரிகை ஆசிரியர்கூடக் கர்னல். மிகையென்று தோன்றினால் பொரித்த கோழிக்கடைப் பலகையைப் பாருங்கள். கர்னல் சாண்டர்ஸுக்கு அந்தப் பட்டத்தைத் தந்தது கென்டக்கி மாநில ஆளுநர், கௌரவமாக. நம் மேஜர் சுந்தர்ராஜனுக்கு ஒரு நாடகப் பாத்திரம் தந்ததைப் போல. ஜோசப் ஹெல்லர் 1961இல் வெளியிட்ட போர் நாவலில் இந்தப் பட்ட மோகத்தை அதன் எல்லைக்கே கொண்டுபோனார். மேஜர் என்ற குடும்பப் பெயர் கொண்ட தந்தை, மகனுக்கு முதற்பெயரும் நடுப்பெயரும் மேஜர் என்றே வைக்கிறார். மனைவியிடம் கேலப் என்று வைத்திருப்பதாகப் பொய் சொல்கிறார். மகன் ராணுவத்தில் சேர்ந்ததும் ஓர் ஐபிஎம் இயந்திரம் அவனை மேஜராக்கிவிடுகிறது. மேஜர் மேஜர் மேஜர் மேஜர். தமிழில் எழுதினாலும் ஒரு சிரிப்பும் குறையாத அபூர்வமான பெயர் இது.

ஐந்தாம் படி: தமிழ்க் காதுக்குக் கேட்க வேண்டும்

இனி நமக்கே உரிய சிக்கல். ஆங்கிலச் சிலேடைப் பெயர்களில் பெரும்பாலானவை தமிழ் எழுத்தில் செத்துவிடும். ஸ்டான்லி குப்ரிக் 1964இல் எடுத்த அணுகுண்டு நையாண்டிப் படத்தில் விமானப்படைத் தளபதி பக் டர்ஜிட்சன். 'டர்ஜிட்' என்றால் வீங்கிப் புடைத்தது என்று தெரிந்தவருக்குத்தான் சிரிப்பு. அதிபர் மெர்கின் மஃப்லியின் பெயரை அகராதியில் தேடுகிறவர்கள் வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தேடட்டும். ஆனால் உலகை அழிக்கக் கிளம்பும் ஜெனரல் ஜாக் டி. ரிப்பர் தமிழிலும் உயிரோடு இருக்கிறார், ஏனென்றால் ஜாக் தி ரிப்பர் என்ற லண்டன் கொலைகாரனை நமக்கும் தெரியும். எழுத்துச் சிக்கலும் உண்டு. 'பிக்' என்று எழுதினால் பெரியதா, பன்றியா, குந்தாலியா என்று நம் எழுத்து சொல்லாது. அடைப்புக்குறிக்குள் விளக்கம் கொடுக்கத் தொடங்கினீர்களானால் நகைச்சுவை அங்கேயே படுத்துவிடும்.

ஆகவே நம் சமையலறையிலும் பட்டறையிலும் குடியேறிவிட்ட ஆங்கிலச் சொற்களிலிருந்து குடும்பப் பெயரை எடுங்கள். டம்ளர், பக்கெட், ரிப்பன், பஞ்சர், ஸ்பேனர், கேரியர். ஜெஃபர்சன் பிரிக் நம் வாசகரில் பாதிப் பேருக்குத்தான் எட்டுவார். ஜெஃபர்சன் டம்ளர் எல்லோருக்கும் எட்டுவார். இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த புதையல் ஸ்டெப்னி. நமக்கு அது மாற்றுச் சக்கரம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் அது உண்மையாகவே வழங்கும் குடும்பப் பெயர். லண்டனில் அந்தப் பெயரில் ஒரு பகுதியும் உண்டு. சக்கரத்துக்கு அந்தப் பெயர் வந்தது வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் இருக்கும் ஸ்டெப்னி தெருவிலிருந்து. அமெரிக்கர் ஒருவரிடம் போய் ஸ்டெப்னி கேட்டால் விழிப்பார். ஆக, கதைக்குள் இருக்கும் அமெரிக்கர் எவருக்கும் இது சாதாரணப் பெயர். கதைக்கு வெளியே இருக்கும் தமிழ் வாசகருக்கு மட்டும் சிரிப்பு. எழுத்தாளரும் வாசகரும் கண்ணடித்துக்கொள்ள இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

நம்மவர் போட்டியிடுவதும் துணை அதிபர் பதவிக்கு. டிக்கியில் கிடக்கும், தேவைப்பட்டால் மாட்டுவார்கள், தேவைப்படாமலே துருப்பிடித்தாலும் பிடிக்கும். வரலாறும் நமக்கு ஒத்துழைக்கிறது. துணை அதிபர் இடம் காலியானால் நடுவில் நிரப்ப 1967இல் அரசியல் சாசனத்தின் இருபத்தைந்தாம் திருத்தம் வரும்வரை வழியே இல்லை. கென்னடி 1963 நவம்பரில் சுடப்பட்டு ஜான்சன் அதிபரான பிறகு, 1965 ஜனவரிவரை அமெரிக்கா ஸ்டெப்னி இல்லாமல்தான் ஓடியது.

ரூதர்ஃபோர்டு ஜி. ஸ்டெப்னி. இப்போது வாய்விட்டு மூன்று முறை சொல்லுங்கள். நாக்கு எங்காவது தடுக்கினால் மாற்றிவிடுங்கள். நீளமான முதற்பெயருக்குக் குட்டையான குடும்பப் பெயர், குட்டையானதற்கு நீளமானது. இரண்டும் நீளமாக இருந்தால் இரண்டாம் பத்தியிலேயே வாசகர் பெயரைத் தாண்டிப் படிக்கத் தொடங்கிவிடுவார்.

ஆறாம் படி, வேண்டுமானால்: ஒரே ஓர் எழுத்தைத் தள்ளிவையுங்கள்

ஒரே கதையில் இருபது அமெரிக்கர்கள் தேவைப்பட்டால் எல்லோரையும் ஸ்டெப்னி ஆக்க முடியாது. அதற்கு ஜப்பானியர் காட்டிய வழி இருக்கிறது. 1990களில் ஜப்பானில் வெளியான 'ஃபைட்டிங் பேஸ்பால்' என்ற வீடியோ விளையாட்டில் உண்மையான ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பயன்படுத்த உரிமம் இல்லை. அமெரிக்கப் பெயர்போலத் தோன்றும் பெயர்களைப் புனைந்து நிரப்பினார்கள். டாட் பான்சாலெஸ், மைக் செர்னாண்டெஸ், ஸ்லீவ் மெக்டைக்கல், பாப்சன் டக்நட். கோன்சாலெஸில் முதலெழுத்து மட்டும் மாறியிருக்கிறது, ஹெர்னாண்டெஸிலும் அப்படியே. யாரையும் சிரிக்க வைக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்காது, அதனாலேயே இவ்வளவு சிரிப்பு. ஒன்றுக்கு மேல் மாற்றினால் வேற்றுக்கிரகவாசி ஆகிவிடும். பின்வரிசைப் பாத்திரங்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். எதிர்கால அமெரிக்கா என்றால் விற்பனைப் பொருளின் பெயரை நடுப்பெயராக நுழைப்பதும் உண்டு. 2006இல் வந்த ஒரு படத்தில் ஐந்நூறு ஆண்டுக்குப் பிந்தைய அதிபரின் பெயருக்குள் ஒரு குளிர்பானம் இருக்கிறது. ஒருமுறை சிரிக்கலாம்.

ஏழாம் படி: யாருக்கு வைக்கிறோம்

இதைத் தாண்டிக்கொண்டு போகாதீர்கள். இதுவரை சொன்ன கேலியெல்லாம் பட்டம், பணம், பதவி, பெற்றோரின் பேராசை ஆகியவற்றை நோக்கியது. அமெரிக்கப் பெயர்க் கேலியில் வேறொரு மரபும் இருந்தது. 1830 வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைக் கிண்டல் செய்து ஆடிப் பாடிய மேடைப் பாத்திரத்தின் பெயர் ஜிம் க்ரோ. க்ரோ என்றால் காகம். அரங்கம் சிரித்தது. பிற்பாடு பள்ளியிலும் ரயிலிலும் குடிநீர்க் குழாயிலும் கறுப்பினத்தவரைப் பிரித்து வைத்த சட்டங்களுக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. 1960கள்வரை அந்தச் சட்டங்கள் இருந்தன. கறுப்பினத்தவர், பூர்வகுடிகள், குடியேறிகள் ஆகியோரின் பெயர் ஒலியே வேடிக்கை என்று எழுதுவது அந்த மேடையில் ஏறுவதுதான். நம் ஊர்ப் பெயர்களை அமெரிக்கத் தொடர்களில் திரித்துச் சொல்லும்போது நமக்கு எப்படி இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியாததல்ல.

கடைசிப் படி: கதைக்குள் யாரும் சிரிக்கக் கூடாது

பெயர் தயாரானதும் புதியவர்கள் செய்யும் முதல் காரியம், வேறொரு பாத்திரத்தை அதைக் கேட்டுச் சிரிக்க வைப்பது. வேண்டாம். குப்ரிக் படத்தில் கர்னல் பேட் குவானோ என்று ஒருவர் வருகிறார். வௌவால் எச்சம் என்று பொருள். அமெரிக்கர் யாரும் இமைகூட அசைப்பதில்லை. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் மட்டும், அது உண்மையிலேயே உங்கள் பெயர்தானா என்ற சந்தேகத்தை ஒருமுறை, மரியாதையாக, வெளியிடுகிறார். அவ்வளவுதான்.

பெயரை முழுதாக எத்தனை முறை சொல்வது? அறிமுகத்தில் ஒருமுறை, நடுவில் யாராவது மேடையில் அறிவிக்கும்போது ஒருமுறை. மற்ற இடங்களில் வெறும் ஸ்டெப்னி. அவர் வரும் முதல் பத்தியை நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

"காலை 9.40 ரயிலில் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் ரூதர்ஃபோர்டு ஜி. ஸ்டெப்னி வந்து இறங்கினார். வரவேற்புக் குழு அதிபர் வேட்பாளரை அழைத்துக்கொண்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஸ்டெப்னி தம் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கடிகாரத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, யாருக்காவது ஏதாவது பழுதாகும்வரை காத்திருந்தார்."